வாசகர் கேட்டவை: ஓவல் பாதையில் ஒரு தொழில்

பெரும்பாலும் ‘ஓவல்’ எனும் நீள்வட்டப் பாதையில் ஓடும் அமெரிக்காவின் ஸ்டொக் கார் பந்தயமான நாஸ்கார் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி திருகோணமலை மாவட்டத்திலிருந்து. பந்தய ஓடுபாதை ஒன்றுகூட இல்லாத ஊரில் இவ்வளவு ஆர்வமா என்று நமக்கே ஆச்சரியம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: மூன்று மணித்தியாலம் இடப்பக்கமாகவே திருப்பிக்கொண்டிருப்பது ஒரு திறமையா? எங்கள் தனியார் பஸ் சாரதிகள் இதைவிடக் கெட்டித்தனம் காட்டுகிறார்களே!
— உவர்மலை வாசகர்

பஸ் சாரதிகளின் கெட்டித்தனத்தை வேறொரு நாள் பார்ப்போம். எல்லா ஓவலும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் பிழை. டேடோனா ஓடுபாதை ஒரு சுற்று 4 கிலோமீற்றர். வளைவுகள் 31 பாகை சரிந்தவை. அங்கே 300 கிலோமீற்றர் வேகத்தில் வளையும்போது சாரதி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு பாரத்தோடு சீற்றில் அழுத்தப்படுவார். பக்கவாட்டில் இன்னொரு ஒன்றரை மடங்கு இழுக்கும். மார்ட்டின்ஸ்வில் இதற்கு நேர்மாறு. சுற்று 850 மீற்றருக்கும் குறைவு, சரிவு 12 பாகைதான். 500 சுற்றுப் பந்தயத்தில் சுற்றுக்கு இரண்டு தடவை பலமாகப் பிறேக் பிடித்தால் மொத்தம் 1,000 தடவை. டிஸ்க் தணலாய்ச் சிவந்து நிற்கும். டார்லிங்டனில் இரண்டு முனைகளும் ஒரே அளவு இல்லை. ஒரு முனைக்குச் சரிப்படுத்திய கார் மறுமுனையில் முரண்டு பிடிக்கும்.

இந்தத் தொழிலில் சம்பளத்தில் பாதி வாய்க்குத்தான். ஓடுகிற காரின் குணத்தை ரேடியோவில் சொல்லத் தெரிய வேண்டும். பின்பக்கம் வழுகினால் ‘லூஸ்’, முன்பக்கம் திரும்ப மறுத்தால் ‘டைட்’. ஒவ்வொரு வளைவையும் நுழைவு, நடு, வெளியேற்றம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். “கார் சரியில்லை” என்றால் மெக்கானிக்குகளுக்கு ஒன்றும் விளங்காது. “மூன்றாம் வளைவில் நுழையும்போது லூஸ், நடுவில் டைட், இருபது சுற்று ஓடிய பிறகுதான் தொடங்கியது” என்றால் அவர்களுக்கு வேலை தெரியும். அடுத்த தரிப்பில், பத்துப் பன்னிரண்டு செக்கனுக்குள், நாலு ரயரும் மாற்றிப் பெற்றோலும் ஊற்றுகிற நேரத்திலேயே, பின் கண்ணாடி வழியாக நீளமான சாவியை விட்டு ஸ்பிரிங்கின் போல்ற்றை அரைச் சுற்று திருப்பிவிடுவார்கள்.

புதிய சாரதிகள் சறுக்கும் இடமும் இதுவே. வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைவார். முன்பக்கம் வெளியே தள்ளும். குற்றம் தன் காலில் இருக்க, “கார் டைட்” என்று அறிவிப்பார். மெக்கானிக் நம்பி லூஸாக்குவார். அடுத்த சுற்றில் கார் பின்பக்கமாகச் சுவருக்குப் போகும்.

கேள்வி: நான் கராச் நடத்துகிறேன். வீல் அலைன்மென்ற் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும் என்பதே எங்கள் கணக்கு. இவர்களுடைய கார் வேண்டுமென்றே கோணலாக இருக்கிறதாமே?
— திருகோணமலை நகரம்

உண்மைதான், நன்றாகவே கோணல். ஆனால் கணக்குப் பார்த்த கோணல். உள்ளூர் ஓவல்களில் ஓடும் ‘லேட் மொடல்’ வகைக் காரை எடுத்துக்கொள்வோம். அதில்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் பின் அச்சு. பல கார்களில் டிஃபரென்ஷியல் பூட்டியபடி இருக்கும். இரண்டு பின் சில்லுகளும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவிலோ வெளிச்சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். வளைவின் ஆரை 60 மீற்றர், இரண்டு சில்லுகளுக்கும் இடைத்தூரம் 1.6 மீற்றர் என்று வைத்தால் வெளிச்சில்லின் பாதை 60.8, உட்சில்லின் பாதை 59.2. வித்தியாசம் கிட்டத்தட்ட 2.7 சதவீதம். ரயரின் சுற்றளவு 210 சென்ரிமீற்றர் என்றால் வலப்பக்க ரயர் ஐந்தரை சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டும். இதற்குப் பெயர் ‘ஸ்டாகர்’. அளப்பதற்குத் தையற்காரரின் நாடாவே போதும்: ஓடும் அளவுக்குக் காற்றடித்து, ரயரின் நடுக்கோட்டில் சுற்றி அளக்க வேண்டும். ஒரு தடவை சூடேறி ஆறிய பிறகு மறுபடி அளக்காவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. ரப்பர் விரிந்துவிடும்.

அடுத்தது நாலு சில்லிலும் பாரம். 1,400 கிலோ காரொன்றைத் தராசுகளில் ஏற்றினால் இப்படி வருகிறது என்று கொள்வோம்: இடது முன் 400, வலது முன் 310, இடது பின் 390, வலது பின் 300. இடப்பக்கம் மட்டும் 790 கிலோ, அதாவது 56 சதவீதத்துக்கு மேல். உள்ளே வளைவதால் பாரத்தை உட்பக்கம் வைத்திருக்கிறார்கள். வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 700, சரியாகப் பாதி. இந்தக் குறுக்குப் பாரம்தான் ‘வெட்ஜ்’. இடது பின் ஸ்பிரிங்கின் போல்ற்றை இறுக்கி அந்த இரண்டு சில்லிலும் 7 கிலோ வீதம் கூட்டினால், மற்ற இரண்டிலும் அதே அளவு குறையும். வெட்ஜ் 51 சதவீதமாகும். கார் டைட்டாகும். தளர்த்தினால் லூஸாகும். ஒரு சதவீதம் என்பது சாரதிக்கு நன்றாகவே தெரியும் மாற்றம்.

சில்லின் சாய்வான காம்பரிலும் இதே கதை. வலது முன் சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும், இடது முன் சில்லின் மேல்பக்கம் வெளியே சாயும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே திசைக்குச் சாய்ந்து நிற்கும்.

பிழை வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம், உங்கள் கராச்சில் யாராவது விளையாட்டாகச் செய்து பார்க்கக்கூடும். தரை மட்டம் இல்லையென்றால், ஒரு மூலை 5 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தாலே எண்கள் பொய் சொல்லும். சீற்றில் சாரதியின் எடை இருக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அரிசி மூடையை வையுங்கள். நாலு ரயரிலும் அன்று ஓடும் காற்றளவு இருக்க வேண்டும். கொம்பிரஸர் தாங்கியின் தண்ணீரைத் திறந்து விடாமல் காற்றடித்தால், நம்ம ஊர் ஈரப்பதனுக்கு ரயருக்குள் நீராவியும் சேர்ந்துகொள்ளும். சூடேறும்போது அழுத்தம் கணக்கை மீறி ஏறும். பந்தயக்காரர் உலர்ந்த காற்றோ நைதரசனோ அடிப்பது இதனால்தான். பின் ரயர்களில் வலதுதான் அதிகம் சூடாகும். அதன் அழுத்தம் ஏற ஏற ஸ்டாகர் கூடி, தொடக்கத்தில் சொன்னபடி கேட்ட கார் கடைசியில் லூஸாகும்.

ரோட்டில் ஓடும் காரில் இவை எதுவும் வேண்டாம். வலப்பக்க வளைவும் வருமல்லவா!

நாஸ்காரின் மேல்மட்டமான கோப்பைத் தொடரின் கார்களுக்கு இதில் ஒரு பகுதிதான் பொருந்தும். 2022இல் வந்த புதிய காரில் பின் சில்லுகள் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்கின்றன. சில்லுக்கு ஐந்து நட்டுகளுக்குப் பதில் நடுவில் ஒரே ஒரு நட்டு.

கேள்வி: எனக்கு 16 வயது. சாதாரண தரம் முடித்துவிட்டேன். நாஸ்கார் சாரதியாக வர இப்போதே என்ன செய்ய வேண்டும்?
— சீனக்குடா மாணவன்

தம்பி, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் வயதில் அமெரிக்கப் பிள்ளைகள் சிலர் ஏற்கனவே நாஸ்காரின் மூன்றாம் நிலையான ட்ரக் தொடரில் குட்டை ஓவல்களில் ஓடுகிறார்கள். 18இல் பெரிய ஓவல்களுக்கும் கோப்பைத் தொடருக்கும் வாசல் திறக்கும். ஜோயி லொகானோ 2009இல் கோப்பைப் பந்தயத்தை வென்றபோது வயது 19. எட்டு வயதில் சிறு கார், பிறகு மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய ‘லெஜன்ட்ஸ்’ கார், பிறகு லேட் மொடல், ஆர்க்கா என்ற கீழ்நிலைத் தொடர், ட்ரக், இரண்டாம் நிலைத் தொடர், கோப்பை என்பது அங்குள்ள ஏணி. நீங்கள் அதன் நடுப்படியில் தாவி ஏற வேண்டியிருக்கும்.

கார்ட்டில் தொடங்குங்கள். பண்டாரகமையில் கார்ட் பாதை இருக்கிறது. கார்ட்டுக்கும் டிஃபரென்ஷியல் இல்லை. முன் கேள்வியில் சொன்ன பூட்டிய அச்சின் குணத்தை உடம்பால் பழகலாம். ஸ்டியரிங்கை இழுத்துத் திருப்பினால் வேகம் செத்துப்போகும் என்பதை நேரக் கடிகாரம் சொல்லிக் கொடுக்கும். 18 ஆனதும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, உள்ளூர் மண் பாதைப் பந்தயங்களைப் பாருங்கள். தார்ப் பாதை கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2021, 2025 கோப்பைச் சம்பியன் கைல் லார்சன் மண் ஓவலில் வளர்ந்தவர். பின்பக்கம் வழுகும்போது அக்சிலேற்றரை உடனே விட்டுவிடாமல் காலை அளந்து பிடிக்கப் பழக்குவது மண்தான்.

அடுத்த படிக்குத் தமிழ்நாடு கிட்ட. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஓடுபாதை உண்டு. கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே. ஒற்றை இருக்கை எல்ஜிபி கார்கள் அங்கே ஓடுகின்றன. மெக்கானிக்கோடு தமிழிலேயே பேசலாம் என்பது தொடக்கக்காரருக்குச் சின்ன விசயம் இல்லை. இரண்டு மூன்று பருவங்களின் பெறுபேறு, காருக்குள்ளிருந்து எடுத்த காணொளி, சுற்று நேரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பெரிய ஓவலில் ஓட விடுவதற்கு முன் நாஸ்கார் சாரதியின் பழைய பந்தயங்களைப் பார்த்துத்தான் அனுமதி தரும்.

ஆங்கிலம் கட்டாயம். பார்வையாளர் மேடைக்கு மேலே நின்று ரேடியோவில் வழிசொல்லும் ‘ஸ்பொட்டர்’ உங்கள் காதில் “உள்ளே ஒருவன், இன்னும் உள்ளே, விலகிவிட்டான்” என்று அரைச் செக்கனுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. உயர்தரத்தைக் கைவிடவும் வேண்டாம். காரணம் கடைசிக்கு முன் பதிலில்.

கேள்வி: தமிழர் யாராவது ஓடியிருக்கிறார்களா?
— தம்பலகாமம்

ஓடியிருக்கிறார். 2005இல் பார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010இல் நாஸ்கார் ட்ரக் தொடரில் இறங்கினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், 13ஆம் இடம். அந்த ஆண்டு அந்தத் தொடரின் இரசிகர் வாக்கில் மிகவும் பிரபலமான சாரதி விருதும் அவருக்கே.

கேள்வி: மகன் கணினியில் கார் ஓட்டிக்கொண்டே இருக்கிறான். கேட்டால் “பயிற்சி” என்கிறான். நம்பலாமா?
— கிண்ணியாத் தாயார்

எப்படி ஓட்டுகிறான் என்பதைப் பொறுத்தது, அம்மா. நாஸ்காரின் பெயர்பெற்ற பந்தயமான டேடோனா 500ஐ 2024, 2025இல் அடுத்தடுத்து வென்ற வில்லியம் பைரன் முதலில் ஓட்டியது கணினியில்தான். நிஜக் காரில் ஏறும்போது பதின்வயதின் நடுப்பகுதி. 2024இல் லாஸ் வேகாஸில் ட்ரக் பந்தயம் வென்ற ராஜா கருத்தும் அதே வழியில் வந்தவர். (பெயரைப் பார்த்து நம்ம ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் அமெரிக்கர்.)

பக்கத்தில் இருந்து பாருங்கள். சுவரில் மோதியதும் சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறான் என்றால் விளையாட்டு. ஒரே பாதையில் 50 சுற்று ஓடி, ஒவ்வொரு சுற்றின் நேரமும் செக்கனில் பத்தில் இரண்டு பங்குக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறான் என்றால் பயிற்சி. காசு செலவழிப்பதானால் முதலில் பிறேக் பெடலுக்கு: எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதை அளக்காமல் எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதை அளக்கும் வகையை வாங்குங்கள், நிஜக் காரும் அப்படித்தான். இணையத்துக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். அமெரிக்க சேர்வரில் இணைந்தால் இங்கிருந்து தாமதம் அதிகம். மற்றவர்களின் கார் திரையில் துள்ளும். ஆசிய சேர்வரைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள்.

கணினி தராதவை இரண்டு: வெக்கை, பயம்.

கேள்வி: கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொதிக்கும் வெயிலில் வலை இழுக்கிறவர்கள் நாங்கள். காருக்குள் சூடு என்று இவர்கள் ஏன் இவ்வளவு அலட்டுகிறார்கள்?
— நிலாவெளி

கச்சானுக்குப் பழகிய உடம்பு உண்மையிலேயே ஒரு முதல். வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் பிடிக்கும். குளிர்நாட்டில் சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் போயும்விடும். ஆனால் கடற்கரையில் வியர்வை காற்றில் காயும், அதனால்தான் உடம்பு குளிர்கிறது. பந்தயச் சாரதி தீத்தாங்கு உடை, அதற்குள் இன்னொரு உள்ளுடை, கையுறை, தலைமூடி, ஹெல்மட் எல்லாம் போட்டு, 50 பாகையைத் தாண்டும் பெட்டிக்குள் மூன்று மணித்தியாலம் கட்டுண்டு இருக்கிறார். வியர்வை வழியும், காயாது. ஒரு பந்தயத்தில் இரண்டு முதல் நாலு கிலோ எடை இறங்குவது சாதாரணம்.

அளவறிய எளிய வழி, ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடம்பை எடை நிறுத்துப் பார்ப்பது. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர். 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோ, அதாவது இரண்டு சதவீதம் குறைந்தாலே கவனம் தளரத் தொடங்கும். பந்தயத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன் அரை லீற்றர் குடித்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலை சுற்றும். நம்ம ஃபார்மசி ஜீவனிப் பக்கெற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்தால் வேலை நடக்கும்.

குளிர்ந்த நீர் ஓடும் சட்டை உண்டு. குழாய் பெல்ற்றுக்கு அடியில் மடிந்துபோனால், அல்லது ஐஸ் கரைந்துவிட்டால், அதே சட்டை வெந்நீரைச் சுற்றவிடும். சாரதி உடனே இணைப்பைப் பிடுங்க வேண்டும். உள்ளே பொலியெஸ்டர் பெனியன் போடவே கூடாது. நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டும். உடையின் ‘3.2ஏ/5’ என்ற தரக்குறி கிட்டத்தட்ட 10 செக்கன் தாங்கும் என்பதற்கான குறி. கட்டுண்ட ஆள் வெளியே வர அது போதும் என்பது கணக்கு, பழகாதவருக்குப் போதாது. அதனால்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு பெல்ற் கழற்றி, ஸ்டியரிங்கை எடுத்து, ஜன்னல் வலையை இறக்கி வெளியேறப் பழகுகிறார்கள்.

வெக்கையை விடக் கெட்டது புகை. முன்னால் போகும் கார்களின் காபனோரொட்சைட்டு, பாடி நெளிந்த காருக்குள் சேரும். தலையிடி, மந்தம், பிறகு பிழையான தீர்மானம். ரிக் மாஸ்ட் என்ற சாரதி இந்த நஞ்சேற்றத்தால் 2002இல் தொழிலையே விட்டார். ஷட்டரைப் பூட்டிக்கொண்டு உள்ளே எஞ்சினை ஓடவிடும் கராச்காரருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: மூன்று மணித்தியாலம்… சிறுநீர்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பெரும்பாலானவர்களுக்கு வியர்வையே வேலையை முடித்துவிடும். சிலருக்கு முடியாது. உடை துவைக்கக்கூடியது.

கேள்வி: செத்துப்போகிற விளையாட்டுக்குப் பிள்ளையை விடலாமா?
— திருக்கடலூர்த் தகப்பன்

நியாயமான கேள்வி, ஐயா. 2001 பெப்ரவரி 18, டேடோனா 500இன் கடைசிச் சுற்றில் ஏழு தடவைச் சம்பியன் டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. முந்தைய ஆண்டும் கோப்பை, இரண்டாம் நிலை, ட்ரக் என்ற மூன்று தேசியத் தொடர்களில் மூன்று சாரதிகள் இறந்திருந்தார்கள். உடம்பை பெல்ற் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே பாய்வதுதான் இந்த முறிவுக்குக் காரணம். தலையைத் தோளோடு வாரால் இணைக்கும் ‘ஹான்ஸ்’ போன்ற கருவி அதே ஆண்டு ஒக்ரோபரில் கட்டாயமானது. அடுத்த ஆண்டிலிருந்து கொங்கிறீற்றுச் சுவருக்கு முன்னால் இரும்புக் குழாயும் நுரையும் வைத்த மெத்தைச் சுவர் வந்தது. அதன் பின் அந்த மூன்று தேசியத் தொடர்களின் பந்தயங்களில் சாரதி எவரும் இறக்கவில்லை. காயம் நின்றுவிடவில்லை: 2022இல் போக்கனோ ஓடுபாதையில் பின்பக்கமாக மோதிய கேர்ட் புஷ் மூளை அதிர்ச்சியோடு தொழிலை முடிக்க வேண்டியதாயிற்று. புதிய காரின் பின்பகுதி அளவுக்கு மீறி விறைப்பு என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் நாட்டில் பார்வையாளரின் நிலைதான் அதைவிடப் பயம். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவைப் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் ஏழு பேரைக் கொன்றதை மறக்க முடியாது. மகனைக் கூட்டிச் செல்லும் பாதையில் மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம், தடுப்பு இல்லாமல் நின்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சாமான் வாங்கும்போது: ஹெல்மட்டில், ஸ்நெல் என்ற தரச்சோதனை அமைப்பின் ‘எஸ்ஏ’ குறி வேண்டும். ‘எம்’ என்றால் மோட்டார் சைக்கிளுக்கானது. உள்துணிக்குத் தீச்சோதனை இல்லை. பெல்ற்றில் திகதி தைத்திருக்கும். எஸ்எஃப்ஐ என்ற அமெரிக்கத் தர அமைப்பின் குறியுள்ள பெல்ற்றுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. பழைய சாமான் மலிவாக வருகிறது என்றால் காரணம் அதுதான். இடுப்பு பெல்ற் இடுப்பெலும்பில் கிடக்க வேண்டும், வயிற்றில் ஏறக்கூடாது. தோள் பெல்ற்றின் பின் பிடிப்புத் தோள் மட்டத்திலிருந்து 20 பாகைக்கு மேல் தாழ்ந்தால், மோதும்போது முதுகெலும்பைக் கீழே அமுக்கும்.

கேள்வி: மகளுக்கு ஆசை. பெண்களுக்குத் தனிப் பந்தயமா?
— உப்புவெளி

இல்லை, அதே கார், அதே பாதை. ஜனெற் கத்ரி 1977இல் டேடோனா 500இல் ஓடினார். டனிக்கா பற்றிக் 2013இல் அதே பந்தயத்தில் முதலிடத்திலிருந்து தொடங்கினார்.

கேள்வி: உழைப்பு எவ்வளவு? காசில்லாதவனுக்கு வழி உண்டா?
— மூதூர்

மேல்மட்டத்தில் சம்பளம், பரிசுப் பங்கு, விளம்பரம் எல்லாம் சேர்ந்து கோடீஸ்வரத் தொழில். ஆனால் ஒரு பந்தயத்தில் வழக்கமாக அதிகபட்சம் 40 கார். அதில் 36க்கு நிரந்தர இடம். கீழ்மட்டத்தில் காசு எதிர்த்திசையில் ஓடும்: அணி சாரதிக்குக் கொடுக்காது, சாரதிதான் அனுசரணையாளரைப் பிடித்து அணிக்குக் கொண்டுவருவார். லேட் மொடல் காரொன்றுக்கே பல பத்தாயிரம் டொலர் போகும். திறமையான பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

ஆகவே மூதூரிலிருந்து நாஸ்காருக்கு எது கிட்டிய வழி என்று கேட்டால், ஸ்டியரிங்கை விட ஸ்பனரும் கணக்கும் என்போம். ஒவ்வொரு காருக்கும் பின்னால் பொறியியலாளர், ரயர் ஆட்கள், தரவு பார்ப்போர் என்று ஒரு கூட்டமே உழைக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் உண்டு. உயர்தரத்தில் கணிதம் எடுத்து ஒலுவிலிலோ கிளிநொச்சியிலோ பொறியியல் படிக்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மாணவர்கள் தாமே கார் கட்டி ஓடும் போட்டி கோயம்புத்தூர்க் கரி பாதையில் நடக்கிறது. அமெரிக்காவில் நோர்த் கரோலினாவின் சார்லட் பல்கலைக்கழகத்தில் மோட்டார் பந்தயப் பொறியியல் உண்டு. பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் அந்த நகரைச் சுற்றித்தான்.

கேள்வி: முன் காரின் பின்னால் ஒட்டி ஓடினால் காற்றுத்தடை குறைந்து வேகம் கூடும் என்று எழுதியிருந்தீர்கள். ஹபரணை வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டி ஓடினால் பெற்றோல் மிச்சமாகுமா?
— கந்தளாய்

மிச்சமாகும், மிகக் கிட்ட ஓடினால். 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல் போகிறீர்கள். முன்னால் நடப்பதைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒன்றரைச் செக்கன் என்றால் 29 மீற்றர் போய்விடும். பந்தயத்தில் எல்லாரும் ஒரே திசை, மேலே ஒரு ஸ்பொட்டர், எதிரே வாகனம் இல்லை. உங்கள் வீதியில் பஸ் யானைக்காகவும் நிற்கும். இன்னொன்று, பின்னால் ஒட்டியவரின் றேடியேற்றருக்குக் காற்றுப் போகாது. டலடேகா என்ற பெரிய ஓவலிலேயே அப்படி ஓடுகிறவர்கள் சில சுற்றுக்கு ஒரு தடவை பக்கவாட்டில் விலகி எஞ்சினைக் குளிர வைக்கிறார்கள். கந்தளாய் வெயிலில் ஏசியும் போட்டுக்கொண்டு பஸ்ஸின் பின்னால் தொங்கினால், மிச்சம் பிடித்த பெற்றோல் காசு ஹெட் கஸ்கெற்றுக்குப் போகும்.